மீன் பிடிப்பவருக்குக் கூலிங் கிளாஸ்: வாங்கும் முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்



மழை பெய்து கோமுகி அணையும் மணிமுக்தா அணையும் நிரம்பிவிட்டால், நம் வீடுகளில் மூலையில் கிடக்கும் தூண்டில்கள் வெளியே வந்துவிடும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொழுதுபோக்காகப் போகிறவர்களும் உண்டு. ஏரியில் வலை வீசி அதில் குடும்பம் நடத்துகிறவர்களும் உண்டு. இருவருக்கும் பொதுவான ஒரு தொல்லை, தண்ணீரிலிருந்து கண்ணில் அடிக்கும் வெளிச்சம்.

நாம் நடத்திய கண் பரிசோதனை முகாமுக்கு ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு சகோதரர் வந்திருந்தார். பவர் கண்ணாடி போடுபவர். வலை வீசப் போகும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டு, சாலையோரம் வாங்கிய கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள்வாராம். “போலரைஸ்டுன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சுங்க” என்றார். சோதித்துப் பார்த்தோம். வெறும் சாயம் ஏற்றிய பிளாஸ்டிக். தண்ணீருக்குள் நின்ற மூங்கில் கழி தெரியாமல் இரண்டு முறை வலை கிழிந்ததாகச் சொன்னார். ஒரு கண்ணில் சதை வளர்ந்து கருவிழியின் ஓரத்தைத் தொட்டிருந்தது. பல வருட வெயில் அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்றார் மருத்துவர்.

அவர் ஒருவர் மட்டும் ஏமாந்தவர் அல்ல. கறுப்பு நிறம், யு.வி. தடுப்பு, போலரைஸ்டு, பவர் ஆகிய நான்கையும் ஒன்று என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். நான்கும் வேறு வேறு. ஒன்று இருப்பதால் மற்றொன்று இருக்கும் என்று சொல்ல முடியாது. நான்கையும் தனித்தனியே கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கூச்சம் எப்படி வருகிறது?

ஒளி அலையாகச் செல்லும்போது எல்லாத் திசைகளிலும் அதிர்கிறது. அது தண்ணீரின் மட்டமான பரப்பில் பட்டுத் திரும்பும்போது, பெரும்பகுதி படுக்கை வாட்டத்தில் மட்டும் அதிரும் ஒளியாக மாறிவிடுகிறது. போலரைஸ்டு கண்ணாடி, படுக்கை வாட்ட ஒளியைத் தடுத்து, செங்குத்தாக அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடுகிறது. அதனால் மேலே உள்ள பளபளப்பு மறைந்து, தண்ணீருக்குள் இருப்பது தெரிகிறது. சாதாரணக் கறுப்புக் கண்ணாடி பளபளப்பையும் மீனையும் சேர்த்தே மங்கலாக்கும்.

ஒளி எப்படித் திரும்புகிறது, எப்படி வளைகிறது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து எழுதியவர் பஸராவில் பிறந்த அறிஞர் இப்னுல் ஹைதம். 1808-ல் பிரான்சின் மாலுஸ், பட்டுத் திரும்பும் ஒளிக்கு இந்த ஒருவாட்டத் தன்மை உண்டு என்று கண்டறிந்தார். அமெரிக்காவின் எட்வின் லேண்ட் 1929-ல் அதற்கான மெல்லிய தகட்டுக்குக் காப்புரிமை கோரினார். இன்றைய போலரைஸ்டு கண்ணாடி அதன் வழி வந்தது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கரையில் நிற்பவரின் கண் தண்ணீருக்கு மேல் 5 அடி உயரத்தில் இருந்தால், சுமார் ஆறரை அடி தள்ளியுள்ள இடத்தில்தான் பளபளப்பு முழுமையாக நீங்கும். பரிசலில் உட்கார்ந்து கண் 3 அடி உயரத்தில் இருந்தால், 4 அடி தள்ளி. அதற்கு முன்னும் பின்னும் பலன் குறையும். மழைக்குப் பின் சேறு கலங்கிய தண்ணீரில் எந்தக் கண்ணாடியும் அடியைக் காட்டாது.

முதல் கேள்வி: யு.வி. தடுப்பு உண்டா?

கண்ணுக்குப் பாதுகாப்பு இதுதான். யு.வி.400 என்று இருக்க வேண்டும். இந்தத் தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி, ஒன்றும் போடாமல் இருப்பதைவிட மோசமாகலாம். இருட்டில் கண்மணி விரியும். விரிந்த வழியாகப் புற ஊதாக் கதிர் அதிகமாக உள்ளே போகும். சதை வளர்வதற்கும் கண்புரைக்கும் இந்தக் கதிர் ஒரு காரணம். கல்வராயன் மலை 2000 முதல் 3000 அடி உயரம். மேலே குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் உறைக்காது. ஆனால் உயரம் கூடக் கூட இந்தக் கதிரும் கூடும். மேகமும் அதை முழுதாகத் தடுக்காது. பெரிய கண்ணாடிக் கடைகளில் யு.வி. மீட்டர் இருக்கும். சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாம் கேள்வி: உண்மையிலேயே போலரைஸ்டுதானா?

ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். கடைக்காரரின் மேசையில் உள்ள கால்குலேட்டரை எடுங்கள். எண்கள் தெரியும் திரைக்கு முன் கண்ணாடியைப் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஏதோ ஒரு நிலையில் திரை இருண்டு எண்கள் மறைந்தால் போலரைஸ்டு. எப்படிச் சுழற்றினாலும் மாறாவிட்டால் வெறும் சாயம். வலது, இடது இரண்டு கண்ணாடியும் ஒரே சாய்வில் இருள வேண்டும். இல்லையென்றால் பொருத்தியதில் பிழை. மாற்றித் தரச் சொல்லுங்கள்.

மூன்றாம் கேள்வி: என் பவர் இப்போது என்ன?

பழைய சீட்டைக் கொடுத்துச் செய்யாதீர்கள். கம்ப்யூட்டரில் பார்ப்பதோடு நிறுத்தாமல், எழுத்துப் பலகையைப் படிக்க வைத்தும் பார்க்க வேண்டும். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் காட்டலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் மாறும். சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரங்கள் கழித்துக் கண்ணாடி செய்தால் பணம் வீணாகாது.

நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்குத் தூரத்தில் தக்கையும் தெரிய வேண்டும், கையில் தூண்டில் முள்ளும் தெரிய வேண்டும். போலரைஸ்டு கண்ணாடி பைஃபோகலிலும் கிடைக்கிறது. ஆனால் கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்தால் காலடி மங்கும். கரைப் படியில் இறங்கும்போது தலையைக் குனிந்து மேல்பகுதி வழியாகப் பாருங்கள். பவர் அதிகம் உள்ளவர்கள் முகத்தோடு வளைந்த ஃப்ரேமைத் தவிர்ப்பது நல்லது. ஓரங்களில் பார்வை கோணும்.

புதிதாகச் செய்ய வசதி இல்லையா? இருக்கும் பவர் கண்ணாடி மேல் மாட்டும் போலரைஸ்டு கிளிப் உண்டு. பவர் கண்ணாடிக்கு மேலேயே போட்டுக்கொள்ளும் பெரிய கண்ணாடியும் உண்டு. செலவு குறைவு. அந்தச் சகோதரருக்கு நாம் சொன்னதும் கிளிப்தான்.

நான்காம் கேள்வி: என்ன நிறம், என்ன பொருள்?

ஏரி, அணைக்கரை, மலை ஓடைகளுக்குப் பழுப்பு நிறம் நல்லது. நிழலும் மீனும் பிரிந்து தெரியும். நாள் முழுக்கத் திறந்த நீர்ப்பரப்பில் இருப்பவர்களுக்குச் சாம்பல் நிறம் கண்ணுக்கு இதம். மிகக் கறுப்பாக இருந்தால்தான் நல்லது என்று எண்ண வேண்டாம். பொருளில் பாலிகார்பனேட் கேளுங்கள். நரம்பு அறுந்து ஈயக் குண்டு முகத்தில் அடித்தாலும் எளிதில் உடையாது. கழுத்துக் கயிறு ஒன்று கட்டிக்கொண்டால் கண்ணாடி தண்ணீரில் போகாது.

கண்ணாடி போட்ட பிறகு

இதைக் குடும்பத்தில் எல்லோரும் கேட்க வேண்டும். போலரைஸ்டு கண்ணாடி தண்ணீரின் அடியைக் காட்டும். ஆழத்தைச் சரியாகக் காட்டாது. நேர் மேலிருந்து பார்த்தால் 4 அடி ஆழம் 3 அடி போலத் தெரியும். கரையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் அதைவிடக் குறைவாகத் தெரியும். ‘அடி தெரியுதே’ என்று இறங்கும் இளைஞருக்குக் கழுத்தளவு தண்ணீர் காத்திருக்கலாம். மீனைப் பார்க்கத்தான் கண்ணாடி, இறங்குவதற்கு அல்ல. சிக்கிய முள்ளுக்காக யாரும் அணையில் இறங்க வேண்டாம். முள் சில ரூபாய்தான்.

மக்ரிபுக்குப் பின் வண்டி ஓட்டும்போது இதைக் கழற்றிவிட்டுப் பவர் கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள். அணையிலும் ஏரியிலும் மீன்பிடி உரிமை யாரிடம் உள்ளது என்று விசாரித்து, அனுமதியோடு பிடியுங்கள். பிறர் உரிமையில் கை வைத்துக் கொண்டுவரும் மீன் நமக்கு வேண்டாம்.

சதை வளர்ச்சியோ பார்வை மங்கலோ இருந்தால் கண்ணாடிக் கடைக்கு முன் மருத்துவரிடம் செல்லுங்கள். அந்தச் சகோதரர் இப்போது சிகிச்சையில் இருக்கிறார். அவரைப் போல நீர்நிலையை நம்பிப் பிழைத்து, கண்ணாடி வாங்கச் சிரமப்படுவோர் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லுங்கள்; இயன்றதைச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

பார்வை அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். நம் அனைவரின் கண்களையும் அவன் பாதுகாப்பானாக! ஆமீன்.