மலை மக்களின் மன்றம்

இந்தியாவின் வடகிழக்கில் மேகாலயா மாநிலம் இருக்கிறது. அது மலை நாடு. காசி, ஜெயந்தியா, காரோ என்ற மலைகள் அங்கே உள்ளன.

காசி மலையில் நிலம் பெரும்பாலும் அரசுக்குச் சொந்தம் அல்ல. சில நிலம் ஊருக்குப் பொது. சில நிலம் குலத்துக்குச் சொந்தம். யார் எங்கே பயிர் செய்வது? எந்தக் காட்டில் விறகு வெட்டுவது? இதை ஊர்க்கூட்டம் கூடிப் பேசும். அந்தக் கூட்டத்துக்குத் தர்பார் என்று பெயர்.

வெள்ளைக்காரர் ஆட்சி முடியும் நேரம் வந்தது. மலை மக்களுக்குக் கவலை வந்தது. பணம் உள்ள வெளியார் வந்து நிலத்தை வாங்கிவிட்டால் என்ன செய்வது? கோர்ட்டுக்குப் போனால் பத்திரம் கேட்பார்கள். அவர்களிடம் இருந்தது பரம்பரை வழக்கம்தான்.

இதை ஆராய ஒரு குழு அமைந்தது. அசாம் தலைவர் கோபிநாத் பர்தோலாய் அதன் தலைவர். காசித் தலைவர் நிக்கோல்ஸ் ராய் ஓர் உறுப்பினர். மலை மக்களின் வழக்கம் அழியக் கூடாது என்று அவர் வாதாடினார். அதனால் அரசியல் சட்டத்தில் ஆறாவது அட்டவணை சேர்ந்தது. 1952-இல் மலை மாவட்டங்களில் தன்னாட்சி மன்றங்கள் தொடங்கின. இன்று அசாம், மேகாலயா, மிசோரம், திரிபுரா ஆகிய 4 மாநிலங்களில் 10 மன்றங்கள் உள்ளன.

நம் பக்கத்தில் மன்றம் என்றால் ரசிகர் மன்றம் நினைவுக்கு வரும்! இது வேறு. இது சட்டம் போடும் மன்றம். பஞ்சாயத்துக்கு அந்த அதிகாரம் இல்லை.

காசி மலை மன்றத்தில் 30 உறுப்பினர்கள். 29 பேரை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிலம், காடு, பாசன நீர், திருமணம், வாரிசுச் சொத்து, ஊர்த் தலைவர் நியமனம் இவை பற்றி மன்றம் சட்டம் போடலாம். காப்புக் காடு மட்டும் அதன் கையில் இல்லை. மலை மக்களுக்குள் வரும் வழக்குகளை விசாரிக்க மன்றத்துக்குத் தனிக் கோர்ட்டும் உண்டு.

அப்போது காசி, ஜெயந்தியா இரண்டுக்கும் ஒரே மன்றம். 1953-இல் அது ஒரு நிலச் சட்டம் போட்டது. மலை மக்களின் நிலத்தை வெளியாருக்கு விற்க மன்றத்தின் அனுமதி வேண்டும் என்றது. மேகாலயா அரசும் 1971-இல் இதே போன்ற சட்டம் கொண்டுவந்தது. ஏழைக் குடும்பங்கள் அவசரத்துக்கு நிலத்தை விற்றுவிட்டு நிற்காமல் இருக்க இது பெரிய காவல்.

ஆனால் மன்றத்துக்கு முழுச் சுதந்திரம் இல்லை. அது போடும் சட்டத்துக்கு ஆளுநர் ஒப்புதல் தர வேண்டும். மேகாலயாவில் மன்றத்தின் சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால் மாநிலச் சட்டமே செல்லும். பணமும் ஒரு குறை. சந்தை வரி, தொழில் வரி, கனிமத்தில் ஒரு பங்கு இவை வரும். அது போதாது. மீதிக்கு அரசிடம் கேட்க வேண்டும். பணத்துக்குக் கை ஏந்தினால் தன்னாட்சி எப்படி நிமிர்ந்து நிற்கும்?

இன்னொரு குறையும் உண்டு. காசிக் குழந்தைகளுக்குத் தாயின் குலப் பெயர்தான். பரம்பரைச் சொத்து கடைசி மகளுக்குப் போகும். ஆனால் தர்பாரில் உட்கார்ந்து முடிவு செய்வது வழக்கப்படி ஆண்கள். பஞ்சாயத்தில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் சட்டம் 1993-இல் வந்தது. அது மேகாலயாவுக்குப் பொருந்தாது. மன்றத் தேர்தலில் பெண்கள் நிற்கலாம். வென்றவர்கள் மிகச் சிலரே. சில ஊர்களில் இப்போது பெண்களும் தர்பாருக்கு வந்து பேசுகிறார்கள்.