நின்ற வண்டியும் கைத்தடையும்

ஓடும் மோட்டார் வண்டியை அஞ்சி விலகுவார் பலர். நின்ற வண்டியை அஞ்சுவார் மிகச் சிலரே. ஆயினும், நின்ற வண்டி தானே நிற்பதன்று, நிறுத்தப்பட்டே நிற்கின்றது. அங்ஙனம் நிறுத்தும் கருவி, ஹேண்ட் பிரேக் என வழங்கும் கைத்தடையாம். சில வண்டிகளில் அது காலால் மிதித்துப் பூட்டப்படுதலும் உண்டு. அஃது இயங்குமாறும் பிழைக்குமாறும் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றாம்.

ஐந்தடி நீளத்திற்கு ஓரடி தாழும் சரிவில் 1,000 கிலோகிராம் எடையுள்ள வண்டியொன்று நிற்பதாகக் கொள்வோம். அதனைக் கீழ்நோக்கி ஈர்க்கும் விசை ஏறத்தாழ 200 கிலோகிராம் பாரத்திற்கு ஒப்பாகும். இவ்வீர்ப்பு இமைப்பொழுதும் ஓயாது. ஆதலின் அதனை எதிர்க்கும் தடையும் ஓயாது பற்றிநிற்றல் வேண்டும்.

ஓடுங்கால் நாம் மிதிக்கும் காற்றடை, குழாயிலுள்ள எண்ணெயின் அழுத்தத்தால் தொழிற்படுவது. கைத்தடையோ பெரும்பான்மையும் எஃகு வடத்தால் இழுக்கப்படுவது. பிடியை உயர்த்துங்கால் வடம் இறுகிப் பின்சக்கரங்களின் உள்ளுள்ள தடைக்கட்டைகளை அழுத்துகின்றது. உராய்வு பிறந்து சக்கரம் அசையாது நிற்கின்றது. பிடியின் அடியிலுள்ள பற்சட்டத்தில் ஒரு கொளுவி வீழ்ந்து, இழுத்த வடம் தளராவண்ணம் காக்கின்றது. பிடியை உயர்த்துங்கால் நாம் கேட்கும் ‘கிறுக் கிறுக்’ என்னும் ஒலி அக்கொளுவி பல்லுக்குப் பல் தாவும் ஒலியே.

இனி, அது பிழைக்குமாறு காண்போம். வடம் நாளடைவில் நீளும். உறையினுள் நீர் புகின் துருவேறும். தடைக்கட்டை தேயும், எண்ணெய் கசிந்து அதன்மேற் படியின் உராய்வு குன்றும். மலைவழியில் நெடிதிறங்கிக் காய்ந்த தடைத்தட்டு, நின்றபின் குளிர்ந்து சுருங்குதலால் பிடி தளர்தலும் உண்டு. இவையெல்லாம் புறத்தே தோன்றா. கொளுவி பல்லினுள் முற்றும் பதியாது நுனியில் தங்கின், பூட்டியது போலவே தோன்றிச் சற்றைக்கெல்லாம் நழுவும். பூட்டினோம் என்னும் துணிவோடு நாம் அகன்றபின் நேர்வதாகலின், இதுவே கொடியது.

1994ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து எல்கோவில், ஒரு குடும்பத்தாருக்குரிய போர்டு எப்-350 வண்டி சரிவில் நின்றது. மூன்று வயதுக் குழந்தை அதனுள் ஏறி விளையாடுகையில் பல்லிணைப்பு (கியர்) விலகியது. தடை பூட்டியிருந்தும் பற்றவில்லை என்பது பெற்றோர் கூற்று. வண்டி உருண்டது, கீழே விழுந்த குழந்தை அதன்கீழ்ப்பட்டு மாண்டது. 1998ஆம் ஆண்டில் கூட்டாட்சி நீதிமன்றத்து நடுவர் குழுவினர் வண்டி செய்த நிறுவனத்தையே பொறுப்பாளியாகத் தீர்த்தனர். தண்டத்தொகை பற்றிய வழக்கு அதன்பின்னும் பல்லாண்டு நீண்டது. தீர்ப்பு யாதாயினும் போன உயிர் மீளுமோ?

இதனால் நாம் அறிவது, ஒரு காவலை மட்டும் நம்பலாகாது என்பதே. சரிவில் நிறுத்துங்கால் கைத்தடையைப் பூட்டுக; மேல்நோக்கி நிற்பின் முதற் கியரிலும், கீழ்நோக்கி நிற்பின் பின்னோக்குங் கியரிலும் வண்டியை விடுக. உருளினும் சாலையோரக் கல்லில் முட்டி நிற்குமாறு முன்சக்கரங்களைத் திருப்பி வைக்க. மேடு மிகுந்த சான்பிரான்சிஸ்கோ நகரில் 3 விழுக்காட்டிற்கு மேற்பட்ட சரிவில் இது சட்டத்தின் கட்டளையுமாம். நம் நாட்டு வண்டிக்காரர் சக்கரத்தின்கீழ்க் கல்லிடும் பழைய வழக்கம் ஒருநாளும் இகழத்தக்கதன்று.

திங்கட்கு ஒருமுறையேனும், ஆளரவமற்ற மென்சரிவில் கைத்தடையைப் பூட்டிக் காற்றடையை மெல்லத் தளர்த்திப் பார்க்க. வண்டி அணுவளவு நகரினும், பிடி முன்னினும் உயர வரினும், உடனே தொழில் வல்லானிடம் காட்டுக. எல்லாவற்றினும் மேலாக, நின்ற வண்டியினுள் குழந்தையைத் தனியே விடற்க. இரும்பு தேயும்; நம் விழிப்புத் தேயலாகாது.