கோடைக்காலக் களப்பயிற்சியும் வெப்பமண்டல அறிவும்: கொஸ்தாரிக்கா அனுபவம் பற்றிய சில சிந்தனைகள்

ஐக்கிய அமெரிக்கக் கல்லூரி மாணவர்க்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் கோடை விடுமுறைக் காலமாகும். அம்மாதங்களில் அவர்களுள் ஒரு பகுதியினர் சூழலியற் களப்பயிற்சிக்கென மத்திய அமெரிக்க நாடான கொஸ்தாரிக்காவுக்குச் செல்கின்றனர். 'கோடைக்காலப் பயிற்சி' என்று பெயர் பதிந்துகொண்டு வந்திறங்கும் மாணவர், அதே மாதங்களை அந்நாட்டு மக்கள் 'இன்வியேர்னோ', அதாவது மாரி என்று வழங்குவதை வந்த சில நாட்களிலேயே அறிந்துகொள்கின்றனர். அங்கு டிசம்பர் தொடக்கம் ஏப்ரல் வரையிலான வறண்ட காலமே 'வெரானோ' எனப்படும் கோடை. இது சிறிய செய்திதான். ஆயினும், எவருடைய நாட்காட்டியின்படி, எவருடைய மொழியில், எவருக்காக இக்கல்வி நடைபெறுகின்றது என்ற வினாக்களை இச்சொல் முரண் தொடக்கத்திலேயே எழுப்பிவிடுகின்றது. இக்கட்டுரையில் நாம் நோக்க விழைவது அவ்வினாக்களையே.

இத்துறையில் முன்னோடியாகக் கருதத்தக்கது வெப்பமண்டல ஆய்வுகளுக்கான அமைப்பு ஆகும். சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் கொஸ்தாரிக்காப் பல்கலைக்கழகமும் இணைந்து 1963 ஆம் ஆண்டில் இதனைத் தோற்றுவித்தன. ஆரம்பத்தில் முதுமாணி, கலாநிதிப் பட்டங்களுக்குப் பயில்வோரே இங்கு வந்தனர். இளமாணி மாணவருக்கான பயிற்சிகள் பின்னர் வந்து சேர்ந்தன. இந்நாடு தெரிவுசெய்யப்பட்டமைக்கு இயற்கைக் காரணங்கள் மட்டுமன்றி அரசியற் காரணங்களும் இருந்தன என்றே கொள்ளல் வேண்டும். ஒரு நாள் பயணத்திலேயே வறண்ட காட்டையும் முகிற்காட்டையும் மழைக்காட்டையும் காணக்கூடிய சிறிய நாடு அது. 1948 இன் உள்நாட்டுப் போரை அடுத்துப் படையைக் கலைத்துவிட்ட நாடும் அதுவே. அயல்நாடுகளில் ஆட்சிக்கவிழ்ப்புகளும் போர்களும் தொடர்ந்த காலத்தில், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அச்சமின்றி மாணவரை அனுப்பக்கூடிய இடமாக அது விளங்கியது.

இவ்வமைப்பின் களநிலையங்களுள் மிகவும் புகழ்பெற்றது சரப்பிக்கி, புவேர்த்தோ வியெஹோ ஆகிய இரு ஆறுகள் சங்கமிக்கும் இடத்திலுள்ள லா செல்வா. 1953 இல் இந்நிலத்தை வாங்கியவர் லெஸ்லி ஹோல்ட்றிஜ் என்ற அமெரிக்கர். வெப்பம், மழை முதலியவற்றை அடிப்படையாகக் கொண்டு தாவர வலயங்களைப் பாகுபடுத்தும் முறையை 1947 இல் வெளியிட்டவர் அவரே. 1968 இல் நிலம் மேற்படி அமைப்பின் கைக்கு மாறியது. இன்று ஏறத்தாழ 1600 ஹெக்டயர் பரப்புடைய இந்நிலையத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4000 மில்லிமீற்றர் மழை பொழிகின்றது. ஈரமான புத்தகமும் உலராத காலுறையும் அங்கு பயில்வோர் யாவருக்கும் பொது.

பயிற்சியின் முறை சற்று விரிவாக நோக்கத்தக்கது. விரிவுரை மண்டபத்தில் முதலில் கோட்பாடும் பின்னர் உதாரணமும் என்ற வரிசையை நாம் அறிவோம். இங்கு அவ்வரிசை தலைகீழாக்கப்படுகின்றது. முதல் நாட்களில் ஆசிரியர் மாணவரைக் காட்டுவழியே அழைத்துச் சென்று வினாக்களை மட்டும் கேட்கச் சொல்கின்றார். இலை வெட்டும் எறும்புகளின் ஒழுங்கையை எடுத்துக்கொள்வோம். தரையில் நூறு மீற்றருக்கு மேல் நீளக்கூடிய அப்பாதையில், ஆயிரக்கணக்கான எறும்புகள் இலைத்துண்டுகளைத் தூக்கிச் செல்லும். அவற்றின் புற்றை அடுத்தே மரங்கள் நிற்க, அவற்றை விடுத்துத் தொலைவிலுள்ள மரத்தை அவை நாடுவது ஏன்? அவ்வெறும்புகள் இலைகளை வெறுமனே உணவாகக் கொள்வதில்லை. இலைத்துண்டுகளின்மேல் ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்த்து அதனையே உண்கின்றன. ஆகவே, பூஞ்சணத்துக்கு ஒவ்வாத இரசாயனங்களைக் கொண்ட இலைகளை அவை தவிர்க்கின்றன என்ற விளக்கம் உண்டு. இலையின் கடினத்தன்மை காரணமாகலாம் என்ற விளக்கமும் உண்டு. மாணவர் இரண்டையும் ஏட்டிலிருந்து ஒப்புவிக்க வேண்டியதில்லை. நான்கைந்து பேராகப் பிரிந்து, பாதையோரம் குந்தியிருந்து, இத்தனை நிமிடத்தில் எந்த மரத்தின் துண்டுகள் எத்தனை சென்றன என்று எண்ணி, மாலையில் கணக்கிட்டு, இரவில் சகமாணவர் முன்னிலையில் தம் முடிவை நிறுவுதல் வேண்டும். பெரும்பாலும் முடிவு தெளிவாக அமையாது. மாதிரி போதாது, மழை குறுக்கிட்டது, இரு காரணிகள் பிரிக்கமுடியாதபடி கலந்துவிட்டன என்று நண்பர்களே குறை காண்பர். ஆய்வின் இயல்பு எதுவென்பதை அவ்விரவுகள் கற்பிப்பதுபோல எந்தப் பாடநூலும் கற்பிப்பதில்லை என்பதே நம் கருத்து. இறுதி வாரங்களில் ஒவ்வொருவரும் தனித்து ஒரு சிற்றாய்வைச் செய்து முடிப்பர்.

எனினும் எட்டோ பத்தோ வாரங்களில் ஒரு காட்டை எவரும் அறிந்துவிட முடியாது. லா செல்வாவின் உண்மையான பெறுபேறு பல தசாப்தங்களாக ஒரே இடத்தில் ஒரே அளவையைத் திரும்பத் திரும்ப எடுத்தமையால் விளைந்ததாகும். டெபோரா கிளாக், டேவிட் கிளாக் ஆகியோர் ஆறு மரவகைகளின் வளர்ச்சியை ஆண்டுதோறும் அளந்து வந்தனர். 1984 முதல் 2000 வரையிலான அளவைகளை ஆராய்ந்து 2003 இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, இரவு வெப்பநிலை உயர்ந்த ஆண்டுகளில் மரங்களின் வளர்ச்சி குன்றியதைக் காட்டியது. 2007 இல் ஸ்ரீவன் விற்ஃபீல்ட் என்பாரும் அவரது சகாக்களும், தரைச்சருகில் வாழும் தவளைகளின் அடர்த்தி 1970 தொடக்கம் ஏறத்தாழ 75 சதவீதம் வீழ்ச்சியுற்றதை 35 ஆண்டுத் தரவுகளைக் கொண்டு எடுத்துக்காட்டினர். அங்கு காடு பாதுகாக்கப்பட்டிருந்தது. காலநிலை மாறியமையால் சருகின் அளவு குறைந்ததே இதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள்ளும் அழிவு நுழைந்துவிட்டதை அறிவதற்கு, 1970 களில் யாரோ ஒருவர் சருகைக் கிளறித் தவளைகளை எண்ணி எழுதிவைத்திருத்தல் வேண்டும். குறுகியகாலப் பயிற்சிகளுக்குப் பொருள் தருவது இத்தகைய தொடர்ச்சியே. அது அற்ற இடத்தில் அவை உல்லாசப் பயணத்தின் சற்றுக் கௌரவமான வடிவமாகவே எஞ்சும்.

இனி, காட்டுக்கு வெளியே நோக்குவோம். தலைநகர் சான் ஹொசேயிலிருந்து புறப்படும் மாணவர் பிறாவுலியோ கரீயோ தேசிய வனத்தை ஊடறுத்துச் செல்லும் பெருந்தெருவால் வருவர். மலையிறங்கியதும் வாழைத்தோட்டங்களும் அன்னாசித் தோட்டங்களும் தொடங்கும். இவ்வாழைக்கு ஒரு வரலாறு உண்டு. அத்திலாந்திக் கரையோரத் தோட்டத் தொழிலாளர் 1934 இல் நடத்திய மாபெரும் வேலைநிறுத்தத்தின் தலைவர்களுள் ஒருவரான கார்லோஸ் லூயிஸ் ஃபயாஸ், யுனைற்றெட் ஃபுறூற் கொம்பனியின் ஆட்சியில் அவர்கள் பட்ட துயரை 'மமீத்தா யுனாய்' என்ற நாவலில் 1941 இல் எழுதினார். தோட்டத் தொழிலாளர் இலக்கியத்தை நன்கறிந்த நம் வாசகர்க்கு அந்நாவலின் உலகம் அந்நியமாக இராது. பின்னர், 1970 களில், டி.பி.சி.பி. என்ற நூற்புழுக்கொல்லி கொஸ்தாரிக்க வாழைத்தோட்டங்களில் ஆயிரக்கணக்கான ஆண் தொழிலாளரை மலடாக்கியது. அந்நஞ்சு அதனைத் தயாரித்த தொழிலாளரையும் அவ்வாறே பாதித்தமை ஐக்கிய அமெரிக்காவில் 1977 இல் வெளிப்பட்டது. அதன் பின்னரும் சிறிது காலம் தோட்டங்களில் அது பாவனையில் இருந்தது.

'சூழல்' என்ற சொல்லுக்குள் எறும்பும் பூஞ்சணமும் அடங்கி, இத்தொழிலாளரின் உடல் அடங்காது போகுமாயின் அக்கல்வி குறைபாடுடையது என்று கூற நாம் தயங்க வேண்டியதில்லை. காட்டின் எல்லையில் நிற்கும் தோட்டம் காட்டின் சூழலியலுக்குப் புறம்பானதன்று. தோட்டத்தின் நஞ்சு ஆற்றில் கலக்கிறது. தோட்டக்கூலி போதாதவன் காட்டில் வேட்டைக்கு நுழைகிறான். அண்மைக் காலங்களில் சில பயிற்சிகள் விவசாயம், நிலப் பயன்பாடு, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றையும் பாடத்தில் சேர்த்துள்ளமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் தோட்டத்தை ஒரு பிற்பகலிற் பார்த்துத் திரும்புவதற்கும் அங்கு வாழ்வோரிடம் கற்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

திரட்டப்பட்ட அறிவு எம்மொழியில் வாழ்கின்றது என்பதும் கேட்கப்படவேண்டியதே. 1965 முதல் இப்பயிற்சிகளிற் கற்பித்த டானியல் ஜான்சன் பதிப்பித்த 'கொஸ்தாரிக்காவின் இயற்கை வரலாறு' என்ற பெருநூல் 1983 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அந்நாட்டவர் அதனைத் தம் ஸ்பானிய மொழியிற் பெற 1991 வரை காத்திருக்க நேர்ந்தது. மறுபுறத்தில், லத்தீன் அமெரிக்க மாணவர்க்கென ஸ்பானிய மொழியிலேயே நடத்தப்படும் பயிற்சிகளும் தோன்றின. கிராமத்து ஆண்களும் பெண்களும் உயிரினங்களைச் சேகரித்து வகைப்படுத்தும் பணிக்குப் பயிற்றப்பட்டனர். 1989 இல் நிறுவப்பட்ட தேசிய பல்லுயிர் நிறுவனம் இவ்வழியிற் பெருந்தொகையான மாதிரிகளைத் திரட்டியது. அந்நிறுவனம் 1991 இல் மேர்க் என்ற அமெரிக்க மருந்துக் கொம்பனியுடன் செய்துகொண்ட பத்து இலட்சம் டொலர் அளவிலான உடன்படிக்கை உலகெங்கும் விவாதிக்கப்பட்டது. இயற்கைச் செல்வத்துக்கு விலை பெற்றமையைச் சிலர் போற்றினர். மலிவாக விற்றுவிட்டதாகச் சிலர் சாடினர். நிறுவனம் பின்னர் நிதி நெருக்கடியுற்று, 2015 இல் அதன் சேகரிப்புகள் தேசிய நூதனசாலையின் பொறுப்புக்குச் சென்றன. ஒரு கொம்பனியின் பணத்தில் நாட்டின் அறிவுச் செல்வத்தைப் பேணலாம் என்ற நம்பிக்கை கால்நூற்றாண்டுதான் நின்றது.

இவ்விடத்து நம் நாட்டின் சிங்கராஜ வனம் நினைவுக்கு வருகின்றது. ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக 1970 களில் வெட்டப்பட்ட அக்காடு, பொதுமக்களின் எதிர்ப்பால் அத்தசாப்தத்தின் இறுதியிற் காப்பாற்றப்பட்டு, 1988 இல் உலக மரபுரிமையாகியது. அங்கு 25 ஹெக்டயர் நிலத்தில் ஒவ்வொரு மரத்தையும் அளந்து பதியும் பெரும்பணியைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் குணதிலக்க தம்பதியர் முன்னின்று நடத்தினர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஒத்துழைப்பு அவர்களுக்கும் இருந்தது. ஆனால் விடுமுறை முடிந்ததும் ஊர் திரும்பவேண்டியவர்களாக அவர்கள் இருக்கவில்லை. காடும் வகுப்பறையும் ஒரே நாட்டில் இருந்தன.

அமெரிக்க மாணவருள்ளும் எல்லோராலும் இப்பயணத்தை மேற்கொள்ள முடிவதில்லை. கோடை விடுமுறையில் உழைத்து அடுத்த ஆண்டுக் கட்டணத்தைச் சேர்க்கவேண்டிய மாணவனுக்கு, கட்டணம் செலுத்திக் காட்டுக்குச் செல்வது இரட்டை இழப்பு. இதனை உணர்ந்தே அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான நிதியத்தின் உதவியுடன், மாணவருக்குப் படிப்பணம் வழங்கும் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிகள் லா செல்வாவில் ஏற்படுத்தப்பட்டன. அமெரிக்க ஆதிக்குடியினருக்கும் பசுபிக் தீவினருக்குமான தனிப் பயிற்சியொன்றும் லாஸ் குறூசஸ் நிலையத்தில் நடத்தப்பட்டது. நிலத்தை இழந்த மக்களின் பிள்ளைகள் வேறொரு நாட்டு மலைக்காட்டில் நின்று, அங்குள்ள ஆதிக்குடியினரின் நிலம் எவ்வாறு கைமாறியது என்று வினவக்கூடும். எறும்புப் பாதையைப் பற்றிய வினாவுக்கு ஒதுக்கப்படும் மாலைநேரத்தில் அந்த வினாவுக்கும் இடம் வைத்துப் பாடத்திட்டம் வகுப்பது அப்பயிற்சிகளை நடத்துவோரின் கையிலேயே உள்ளது.