மகன் முந்திப் போனால் பேரப்பிள்ளைக்குப் பங்கு உண்டா?

அப்பா இருக்கும்போதே மகன் இறந்துவிடுகிறார். சில வருடம் கழித்து அப்பாவும் உயில் எழுதாமல் காலமாகிறார். "அவனே போயிட்டான், அவன் பெண்டாட்டி பிள்ளைக்கு என்ன பாத்தியதை?" என்று பாகப்பிரிவினைப் பேச்சில் ஒரு குரல் எழும். காரைக்காலில் இதற்கு ஒரே பதில் இல்லை. எந்தச் சட்டத்துக்கு உட்பட்ட குடும்பம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

இந்துக் குடும்பம்

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963இல் காரைக்காலும் அடங்கிய புதுச்சேரிப் பகுதிக்கு நீட்டிக்கப்பட்டது. இதன்படி, முன்னிறந்த பிள்ளையின் கிளைக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பா சுயமாகச் சம்பாதித்த நிலம் 12 மா என்று வையுங்கள். மனைவி, உயிரோடுள்ள ஒரு மகன், ஒரு மகள், இறந்த மகனின் கிளை என நான்கு பங்கு. பங்குக்கு 3 மா. அந்தக் கிளையில் மருமகளும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் தலைக்கு 1 மா.

இறந்தது மகள் என்றால் அவள் பிள்ளைகளுக்கு மட்டுமே பங்கு, மருமகனுக்கு இல்லை. சொத்து மாமியார் பெயரில் இருந்தால் பேரப்பிள்ளைகளுக்கு உண்டு, அவர்களோடு சேர்ந்து மருமகள் பங்கு கேட்க முடியாது.

முஸ்லிம் குடும்பம்

நெருங்கிய வாரிசு தூரத்து வாரிசை விலக்கும் என்பது இங்கே விதி. இன்னொரு மகன் உயிரோடிருந்தால், இறந்த மகனின் பிள்ளைகளுக்குப் பங்கு இல்லை. பாகிஸ்தான் 1961இல் சட்டம் போட்டு இதை மாற்றியது, இந்தியாவில் மாறவில்லை. தாத்தா நினைத்தால் வழி உண்டு: வாரிசு அல்லாத பேரனுக்கு மூன்றில் ஒரு பாகம் வரை உயில் எழுதலாம், அல்லது உயிரோடிருக்கும்போதே ஹிபாவாக (தானமாக) கொடுத்துக் கைவசமும் ஒப்படைக்கலாம்.

ரெனோன்சான் குடும்பம்

1881 பிரெஞ்சு ஆணையின்கீழ் தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் இவர்களைத் தொடாது. பிரெஞ்சு சட்டப்படி, இறந்தவரின் இடத்தில் அவர் பிள்ளைகள் நின்று பங்கு பெறுவார்கள்.

கவனிக்க வேண்டியது

வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போது இறந்த பிள்ளையின் குடும்பம் விடுபட்டுப் போவதுதான் பல வழக்குகளின் தொடக்கம். பெயர் விடுபட்டதால் உரிமை போய்விடாது. ஆனால் அதை நிலைநாட்ட நீதிமன்றப் படி ஏற நேரும். விண்ணப்பத்திலேயே அவர்கள் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டம் பங்கு தராத வீட்டில், பெரியவர் உயிரோடிருக்கும்போதே பேசி முடிப்பதுதான் ஒரே வழி.