எறும்பு போட்ட அணைக் கணக்கு



தரையில் ஒரு சிட்டிகை சர்க்கரை சிந்தினால் போதும். சற்று நேரத்தில் எறும்புகள் வரிசை கட்டி வந்துவிடும். வழிகாட்டத் தலைவன் இல்லை. பிறகு எப்படி?

எறும்பு நடக்கும்போது தரையில் ஒருவித வாசனைப் பொருளை விட்டுச் செல்லும். வாசனை அதிகமுள்ள பாதையில்தான் மற்ற எறும்புகள் போகும். 1989ல் பெல்ஜியம் விஞ்ஞானிகள், எறும்புப் புற்றுக்கும் உணவுக்கும் நடுவே ஒரு குட்டைப் பாலமும், ஒரு நீளப் பாலமும் வைத்தனர். முதலில் எறும்புகள் இரண்டிலும் போயின. குட்டைப் பாலத்தில் போனவை சீக்கிரம் திரும்பியதால், அதில் வாசனை வேகமாகக் கூடியது. விரைவில் பெரும்பாலான எறும்புகள் அதிலேயே நடந்தன!

இதை 1992ல் இத்தாலியின் மிலன் நகரில் மார்கோ டோரிகோ கணினிக் கணக்காக மாற்றினார். கணினிக்குள் ஒவ்வொரு 'எறும்பும்' ஒரு விடையைத் தேடும். நல்ல விடைக்கு 'வாசனை' கூடும். மற்றவற்றின் வாசனை ஆவியாகிவிடும்.

இந்தக் கணக்கு எதற்கு உதவும்? நம் கம்பம் பள்ளத்தாக்கையே பாருங்கள். பெரியாறு அணைத் தண்ணீர் லோயர் கேம்பில் மின்சாரம் தருகிறது. கம்பம், சின்னமனூர் வயல்களில் நெல் விளைவிக்கிறது. வைகை அணைக்கும் போய்ச் சேருகிறது. இப்படிப்பட்ட அணையில் அதிகம் திறந்துவிட்டால் கோடையில் தட்டுப்பாடு. குறைத்தால் நாற்று வாடும். மாதத்துக்குப் 10 விதமான அளவு என்று வைத்தால், 12 மாதங்களுக்கு 1 போட்டு 12 பூஜ்ஜியம். அதாவது ஒரு லட்சம் கோடி வழிகள்! ஒவ்வொன்றாகப் பார்த்து முடியுமா?

ஒடிசாவின் ஹிராகுட் அணைக்கும் பாசனம், மின்சாரம், வெள்ளத் தடுப்பு என்று மூன்று வேலை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த நாகேஷ் குமார், ஜங்க ரெட்டி இருவரும் அதற்கு எறும்புக் கணக்கைப் போட்டு, 2006ல் வெளியிட்டனர். பாசனத்தைக் கெடுக்காமல் மின்சாரத்தைக் கூட்டும் வழியை அது காட்டியது.

ஆனால், மழை பொய்த்தால் எந்தக் கணக்காலும் தண்ணீரை உண்டாக்க முடியாது. இருப்பதைப் பங்கிடத்தான் அது உதவும்.

அடுத்த முறை எறும்பு வரிசையைப் பார்த்தால் மிதிக்காதீர்கள். எறும்பு இல்லாத இடைவெளியில், வரிசைக்குக் குறுக்கே ஈர விரலால் ஒரு கோடு தேயுங்கள். அங்கே வந்ததும் எறும்புகள் தடுமாறும். மறுபடி வழி பிடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று எண்ணிப் பாருங்களேன்!