மரக்கலத்தின் மேற்பூச்சு

ஐக்கிய அரபு அமீரகத்தின் வடபகுதியில், ஹஜர் மலைகளுக்கும் வளைகுடாக் கடலுக்கும் நடுவே அமைந்துள்ள ராஸ் அல் கைமாவின் கரையில், தேக்குப் பலகைக்கு அடுத்தபடியாக மரக்கலத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன்மேல் ஏறும் பூச்சே ஆகும். பெருங்கடல் நீரில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பிருக்க, ஆழம் குறைந்ததும் கடும் ஆவியாதலுக்கு ஆளாவதுமான வளைகுடாவில் அது சுமார் 40 கிராமாக உயர்கிறது. கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதும் அங்கு இயல்பே.

மரத்தின் அழகை மறைக்காத பூச்சுகள் இரு வகைப்படும். பிசினையும் எண்ணெயையும் கரைப்பானில் கலந்து ஆக்கப்படும் வார்னிஷ், உலர்ந்தபின் மரத்தின்மேல் கண்ணாடி போன்ற ஏடாகப் படிகிறது. எண்ணெயோ மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடுகிறது. வார்னிஷின் பளபளப்பு கண்ணைக் கவர்வது உண்மையே என்றாலும், அதன் குறையும் அந்தத் தெளிவிலேயே இருக்கிறது. ஏட்டை ஊடுருவும் புற ஊதாக் கதிர்கள், மரநார்களைப் பிணைத்து நிறுத்தும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்க, பற்றிக்கொள்ள உறுதியான மரமின்றி ஏடு உரிகிறது. வெடிப்பின் வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி மரத்தை அழுகச் செய்கிறது.

முத்துக்குளிப்பால் வாழ்ந்து, 1960களின் பிற்பகுதியில் மக்கள் விட்டு நீங்கிய அல் ஜசீரா அல் ஹம்ரா போன்ற ஊர்களின் காலத்தில், வளைகுடாக் கலங்களின் நீர்மட்டத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு ‘சல்’ எனப்படும் மீனெண்ணெயே பூசப்பட்டது. நாற்றத்துக்குப் பேர்போன இவ்வெண்ணெய், காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுத் தடித்தாலும் மரத்தின் நெகிழ்வைக் கெடுப்பதில்லை. செங்கடல் கலங்களைக் கண்ட இப்னு ஜுபைர் என்ற பயணி, 12ஆம் நூற்றாண்டிலேயே, அவற்றுக்குப் பூசப்பட்ட எண்ணெய்களில் சுறா எண்ணெயே சிறந்தது என்றும், பாறைகள் மிக்க கடலில் மரம் இளகியிருக்கவே அது பூசப்படுகிறது என்றும் எழுதினார். பூச்சின் வேலை கடினமாக இருப்பது என்று நினைப்போர்க்கு இது நல்ல மறுமொழி.

நீருக்கு அடியிலுள்ள பகுதிக்கு எண்ணெய் போதாது. கப்பல் புழு என்று வழங்கப்பட்டாலும் உண்மையில் சிப்பி இனத்தைச் சேர்ந்ததான ஓர் உயிர், பலகையைக் குடைந்து சல்லடையாக்கிவிடும். அதைத் தடுக்கச் சுண்ணாம்பையும் விலங்குக் கொழுப்பையும் குழைத்துப் பூசினர். இவ்விரண்டும் வினைபுரிந்து நீரில் கரையாத சோப்பாக மாறிக் கெட்டிப்படுகின்றன. கலத்தைக் கரையேற்றும்போதெல்லாம் இப்பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுவதே வழக்கம்.

இன்றைய கண்ணாடியிழைப் படகுக்கும், புதிதாக வண்ணம் தீட்டப்பட்ட அலைச்சறுக்குப் பலகைக்கும் எந்தப் பூச்சு ஏற்றது என்ற இதே கேள்வி வேறு வடிவில் எழுகிறது. வண்ணத்தின் நிறமித் துகள்கள் ஒளியைத் தாமே ஓரளவு தடுப்பதால், மேலே பூசும் தெளிந்த பூச்சு அவ்வண்ணம் வெளிறாமலும் உராய்வில் தேயாமலும் காத்தால் போதும். எபாக்சி என்னும் பிசின் நன்கு பற்றினாலும் வெயிலில் மஞ்சளித்து மாவாக உதிரும். எனவே, புற ஊதா உறிஞ்சியும், பூச்சைக் கெட்டியாக்கும் ஹார்டனரும் சேர்ந்த, வெயிலில் மஞ்சளிக்காத வகைப் பாலியூரித்தேன் பூச்சே வளைகுடா வெயிலுக்கு ஏற்றது. ஆனால், இதன் ஹார்டனர் ஈரத்தோடு சேர்ந்தால் கரியமில வாயுவை வெளிவிட்டுக் குமிழிகளை உண்டாக்கும். ஆகையால், பனி படியும் விடியலையும் தகிக்கும் நண்பகலையும் தவிர்த்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் தூசி துடைத்த பரப்பின்மீது, நிழலில் மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும்; நுரையீரலைப் பாதிக்கும் அதன் ஆவிக்கு எதிராக முறையான முகமூடி அணிவது கட்டாயம். பளபளப்பு மங்கத் தொடங்கும் நிலையில் மேற்பரப்பை லேசாகத் தேய்த்து மறுபூச்சு இடலாம். உரிய விட்டுவிட்டால் அடிவரை சுரண்ட வேண்டியிருக்கும்.