குடத்துக்கும் சில்லுக்கும் இடையில்

ஜூபிலி மலருக்குக் கட்டுரை வேண்டிய பதிப்பாசிரியர் குழுவினர், சமயம், இலக்கியம், கல்லூரிப் பழங்கதை என இவற்றுள் ஒன்றை எம்மிடம் எதிர்பார்த்திருத்தல் கூடும். நாமோ ஜீப் வண்டியின் சில்லைப் பற்றி எழுதத் துணிந்தோம். கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முன்னர், காட்டுவழி நடந்து செல்லும் அடியார்க்குத் தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொண்டு கல்முனைப் பகுதியிலிருந்து உகந்தைக்குச் செல்லும் வண்டிகளுள் நம் பழைய மாணவர் வண்டிகளும் உண்டு. அண்மைக் காலத்தில் அவற்றுட் சிலவற்றின் சில்லுகள் மட்காட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கக் காண்கிறோம். ‘ஸ்பேசர்’ என்னும் இடைவளையம் பூட்டப்பட்டதன் விளைவே அது. அதனைப் பூட்டியோருட் பலர், தாம் பூட்டியது இன்னதென அறியாமலே பூட்டியுள்ளனர். நாமும் ஒருகாலத்தில் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே.

மாட்டுவண்டிச் சில்லின் நடுவேயுள்ள உருண்டைக் கட்டையைக் குடம் என்பர் தச்சர். மோட்டார் வண்டியில் அதன் இடத்தை ‘ஹப்’ வகிக்கின்றது. இக்கட்டுரையில் அதனையும் குடம் என்றே வழங்குவோம். குடத்தின் முகத்திலிருந்து ஐந்து அல்லது ஆறு ஸ்டட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். சில்லின் துளைகளை அவற்றிற் கோத்து நட்டுகளை இறுக்குகிறோம். குடத்துக்கும் சில்லுக்கும் இடையே ஓர் உலோக வளையத்தைச் செருகினால் அவ்வளையத்தின் கனத்தளவு சில்லு வெளியே தள்ளப்படும். ஸ்பேசர் என்பது இவ்வளவே.

இதனை நாடுவதற்குக் காரணங்கள் உள. பருத்த ரயர் பூட்டிய வண்டியில், ஸ்டியரிங்கை முழுதும் திருப்புங்கால் ரயர் வில்லுத்தகட்டில் உராயும். சில்லை வெளியே தள்ளினால் உராய்வு நீங்கும். வேறொரு வண்டியின் றிம்மைப் பூட்டும்போது அது உள்வாங்கி நிற்பதுண்டு. அதற்கும் இவ்வளையம் உதவும். மூன்றாவது காரணம், சில்லுகள் அகன்று நின்றால் வண்டி கவிழாது என்னும் நம்பிக்கை. தோற்றப் பொலிவு நான்காவது. அதனை ஒப்புக்கொள்வோர் அரியர்.

சில்லை அகற்றி வைத்தல் நம் பகுதிக்குப் புதியதன்று. சம்மாந்துறை வட்டையில் உழுத பழைய பெர்கூசன் இயந்திரத்தை நினைவு கூர்க. அதன் சில்லகலத்தை 48 அங்குலம் முதல் 76 அங்குலம் வரை, நான்கு நான்கு அங்குலமாக மாற்றலாம். பின்சில்லின் தட்டையும் றிம்மையும் புரட்டிப் பூட்டியும், முன்னச்சை நீட்டியும் அதனைச் செய்வர். அது செய்தோரே கருதி அமைத்த வசதி; அந்த அகலத்துக்கு ஏற்ற குடமும் பெயாரிங்கும் அதில் உண்டு. இயந்திரமும் சேற்றில் ஆமை வேகத்தில் ஊர்வது. லான்ட்றோவர் கம்பனியாரும் 1958 இல் இரண்டாம் வரிசை வண்டியை வெளியிட்டபோது சில்லகலத்தை 50 அங்குலத்திலிருந்து 51½ அங்குலமாகக் கூட்டினர். 1983 இல் வந்த வண்டியில் அது 58½ அங்குலம் ஆயிற்று. அவர்கள் அச்சையே நீட்டினார்களன்றித் தட்டு வைத்து ஒட்டினாரல்லர்.

இனி, கவிழாமை பற்றிய கணக்கைப் பார்ப்போம். சில்லகலம் 1308 மில்லிமீற்றர் உடைய இரண்டாம் வரிசை லான்ட்றோவர் ஒன்றின் ஈர்ப்புமையம் நிலத்திலிருந்து 700 மில்லிமீற்றர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அசையாது நிற்கும் அவ்வண்டி பக்கவாட்டில் ஏறக்குறைய 43 பாகை சரிந்தாற் கவிழும். பக்கத்துக்கு 30 மில்லிமீற்றர் வளையம் பூட்டினால் அந்தப் பாகை 44.3 ஆகும். ஒன்றேகாற் பாகை இலாபம். அதே வண்டியின் வில்லை உயர்த்தி உடலை 50 மில்லிமீற்றர் மேலே தூக்கினாலோ, வளையம் இருந்தும் 42.4 பாகையிலேயே கவிழும். வில்லை உயர்த்திவிட்டு, அதற்கு ஈடாக வளையம் பூட்டினோம் என்று ஆறுதல் கொள்வோர் இக்கணக்கை ஒருமுறை தாமே போட்டுப் பார்க்க. வண்டியின் மேல்தளத்தில் தண்ணீர்த் தாங்கி ஏற்றுவோர் இருமுறை போட்டுப் பார்க்க. 500 லீற்றர் நீர் 500 கிலோகிராம் நிறை, அதுவும் தளும்பும் நிறை.

மணலுக்கு அகலம் நல்லதல்லவா என்று கேட்பாருண்டு. பாணமைக்கு அப்பாலுள்ள மணற்பாதையில் வண்டியைக் காப்பது ரயரின் காற்றைக் குறைத்தலே. 35 இறாத்தல் அமுக்கத்தில் ஓடும் ரயரை 18 இறாத்தலுக்கு இறக்கினால் அது நீண்டு படிந்து மணலின்மேல் மிதக்கும். தார்வீதிக்கு ஏறியதும் காற்றை மீண்டும் நிரப்பிவிட வேண்டும். பின்சில்லுக்கு மட்டும் வளையம் பூட்டுவது மணலிற் கேடே விளைக்கும். முன்சில்லு அமுக்கிய தடத்திற் செல்ல வேண்டிய பின்சில்லு, புதுமணலைத் தானே உழுதுகொண்டு செல்ல நேரும்.

வளையம் பூட்டினால் பெயாரிங் கெடும் என்பது பொதுவான குற்றச்சாட்டு. அதில் உண்மை உண்டு. 500 கிலோகிராம் சுமை தாங்கும் சில்லை 30 மில்லிமீற்றர் வெளியே தள்ளினால், குடத்தை வளைக்கும் திருப்பம் 147 நியூட்டன் மீற்றர் கூடும். எனினும் இது வளையத்துக்கு மட்டும் உரிய குறையன்று; வெளியே துருத்தும் அகன்ற றிம்மைப் பூட்டினாலும் அதே சுமைதான். வளையத்துக்கே உரிய குறை வேறொன்று. அதனை விளக்குவதற்கு நட்டு என்ன வேலை செய்கின்றது என்பதை முதலில் அறிய வேண்டும்.

சில்லை ஸ்டட்டுகள் தாங்குகின்றன என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் தாங்குவது உராய்வு. அரை மீற்றர் நீளமான ஸ்பனரின் நுனியில் 20 கிலோகிராம் நிறையைத் தொங்கவிட்டால், நட்டில் ஏறக்குறைய 100 நியூட்டன் மீற்றர் முறுக்கு விழும். 12 மில்லிமீற்றர் ஸ்டட் அம்முறுக்கினால் இழுபட்டு, ஏறக்குறைய 4 தொன் விசையோடு சில்லைக் குடத்தின்மேல் நெரிக்கும். ஐந்து ஸ்டட்டும் சேர்ந்தால் 20 தொன். அந்நெரிப்பினால் இரு முகங்களும் ஒன்றன்மேலொன்று வழுக்காது நிற்கின்றன. நெரிப்புத் தளர்ந்தால் சில்லு அசையும். அசைந்தால் ஸ்டட் முன்னும் பின்னும் வளைந்து, நாளடைவில் முறியும். இவ்வளவு விசையைத் தரும் அந்த ஸ்டட், பிடிநீளம் 20 மில்லிமீற்றராயின், நீள்வதோ ஏறக்குறைய 0.05 மில்லிமீற்றரே, அது தலைமயிரின் கனத்தினும் குறைவு. ஆகவே முகங்களுக்கிடையே ஒரு பூச்சுப் பெயின்றோ, ஒரு செதிள் துருவோ இருந்து பின்னர் நசுங்கிப்போனால், அந்நீட்சி முழுதும் தீர்ந்து நட்டு வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும். உப்புக்காற்று வீசும் நம் கரையோரத்தில் துருவுக்குப் பஞ்சமில்லை. அலுமினிய வளையம் உருக்குக் குடத்தோடு உப்புநீரில் நனையுமிடத்து அரிப்பு மேலும் விரையும்.

வளையம் பூட்டிய சில்லில் இத்தகைய இணைப்பு ஒன்றன்று, இரண்டு. குடத்தோடு வளையம் ஓர் இணைப்பு. வளையத்தோடு சில்லு மற்றோர் இணைப்பு. முதலாவது இணைப்பின் நட்டுகள் சில்லுக்குப் பின்னே மறைந்துவிடுகின்றன.

இதனை நாம் நூலிற் கற்றோமல்லோம். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் அறுவர் பழைய லான்ட்றோவர் ஒன்றில் தண்ணீர்த் தாங்கியுடன் உகந்தைக்குப் புறப்பட்டோம். முன்சில்லுகளுக்கு 30 மில்லிமீற்றர் வளையம், ஒரு பட்டறையிற் கடைந்தது, முதல்நாள்தான் பூட்டப்பட்டிருந்தது. அழகாக இருக்கட்டுமென்று அதன் இரு முகத்துக்கும் கறுப்புப் பெயின்ற் அடித்தவர்களும் நாமே. அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் கடந்து பாணமை வரை குறையொன்றுமில்லை. பின்னர் அலையலையான மண்பாதையில் இடது முன்பக்கம் ‘டக் டக்’ என்ற ஒலி கேட்டது. இறங்கி நட்டுகளைப் பார்த்தோம். ஐந்தும் இறுக்கமாகவே இருந்தன. திருப்தியுடன் ஏறிக்கொண்டோம். அரைக் கட்டை செல்லுமுன் வண்டி இடப்பக்கம் அமர்ந்தது. சில்லு வளையத்தோடு கழன்று பற்றைக்குட் சென்றது. வேகம் குறைவாதலால் எவர்க்கும் காயமில்லை. தாங்கி சரிந்து தண்ணீர் முழுதும் மணலிற் போயிற்று. கால்நடையாக வந்துகொண்டிருந்த அடியார் கூட்டத்தில் மூதாட்டி ஒருவர் தம் போத்தலிலிருந்து எமக்கு நீர் தந்தார். அன்று அடைந்த வெட்கத்தை இன்னும் மறந்தோமில்லை.

வண்டியை மீட்டுவந்து, நாம் காக்கா என்று அழைக்கும் சாய்ந்தமருது மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். முறிந்த ஸ்டட்டுகளைக் கையிலெடுத்துப் பார்த்த அவர், “தம்பி, வெளியில தெரியிற நட்டத்தான் இறுக்கிப் பாத்திருக்கீங்க. உள்ளுக்க இருக்கிறத்த ஆரு பாத்த?” என்றார். விடை சொல்ல எம்மிடம் ஒன்றுமில்லை.

ஸ்பேசர் முற்றாக விலக்கத் தக்கது என நாம் கூறவில்லை. ஜேர்மனியில் தகுதிச் சான்று பெற்ற வளையத்தை அனுமதிக்கின்றனர். அவுஸ்திரேலியாவிலோ, தயாரித்தோர் தாமே பூட்டியனுப்பினாலன்றி அனுமதிப்பதில்லை. பூட்டியே தீரவேண்டும் என்போர் கவனிக்க வேண்டியவை சில. பழைய ஸ்டட்டிலேயே கோக்கும் மெல்லிய தட்டை நாம் எவர்க்கும் சொல்லமாட்டோம். நட்டு ஸ்டட்டின் விட்டமளவு ஆழமாவது புரியில் ஏற வேண்டும். 1.5 மில்லிமீற்றர் புரியுள்ள 12 மில்லிமீற்றர் ஸ்டட்டில் அது எட்டுச் சுற்று. 6 மில்லிமீற்றர்த் தட்டு அதில் நான்கு சுற்றை விழுங்கிவிடும். கனத்த வளையம், தனக்கென ஸ்டட்டுகள் உடையதாய், குடத்தின் நடுவிளிம்பில் இறுகப் பொருந்தி, தன் முகத்திலும் அதேபோன்ற விளிம்பு உடையதாய் இருத்தல் வேண்டும். துளைவட்டமும் ஒத்திருக்க வேண்டும்: லான்ட்றோவருக்கு 165.1 மில்லிமீற்றரில் ஐந்து துளை. வில்லிஸ் ஜீப்புக்கு ஐந்தே துளையாயினும் வட்டம் 139.7, நான்குசில்லு இயக்கமுள்ள ஹைலக்ஸுக்கு அதே 139.7 இல் ஆறு. துளையை அராவிப் பெருப்பித்துப் பொருத்துவது தற்கொலைக்கு ஒப்பு. முகங்களை வெள்ளுலோகம் தெரியத் துடைத்து, பெயின்றும் கிரீசும் இன்றிப் பூட்டி, கைந்நூல் கூறும் அளவுக்கு முறுக்களக்கும் ஸ்பனரால் இறுக்குக. 50 கிலோமீற்றர் ஓடிய பின் சில்லைக் கழற்றி உள்நட்டுகளை மீண்டும் இறுக்குக. காட்டுப்பாதைப் பயணம் ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் அவ்வாறே செய்க. நாலு சில்லையும் கழற்றிப் பூட்ட ஒரு காலைப்பொழுது செல்லும். அக்காலைப்பொழுதைத் தர மனமில்லாதார் வளையத்தை வாங்காதிருத்தல் நலம்.

எம் லான்ட்றோவரின் கதை எளிதில் முடிந்தது. ரயர் வில்லுத்தகட்டில் உராய்வதற்காகவே நாம் வளையம் பூட்டினோம் என்பதைக் கேட்ட காக்கா, அச்சின் ஓரத்தில் ஸ்டியரிங் திரும்பும் எல்லையைக் கட்டுப்படுத்தும் சிறு போல்ட்டைக் காட்டி, அதனைச் சில சுற்று வெளியே எடுத்துப் பூட்டினார். உராய்வு நின்றது. வண்டி இப்பொழுது முன்னளவு ஒடுங்கித் திரும்புவதில்லை. பாணமைச் சந்தியில் ஒருமுறை பின்னெடுத்தே திருப்ப வேண்டியிருக்கின்றது.